சிறுகையும் முதற் கவளமும்

ஆறு திங்கள் நிறைந்த குழந்தையின் வாயில் முதன்முதலாகக் குழைந்த சோறு வைக்கப்படுகிறது. நாவின்மேல் அது பட்டதும் குழந்தை கண்களை அகல விரிக்கிறது. கழுத்தை முன்னே நீட்டுகிறது. ஓங்கரித்து, வைத்த சோற்றை வெளியே தள்ளிவிடுகிறது. சுற்றி நின்றோர் அனைவரும் அஞ்சுகின்றனர். பாட்டி உச்சந்தலையில் தட்டுகிறாள். தாயோ மறுநாள் முதல் சோற்றை நிறுத்திப் புட்டிப்பாலுக்கே திரும்புகிறாள். கெலுகோரிலும் கும்பகோணத்திலும் யாழ்ப்பாணத்திலும் நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சிக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். மன்னர்தம் போர்களை எழுதிய வரலாற்றாசிரியர்கள் அடுக்களைக்குள் நுழைந்தது அரிது. ஆயினும், குழந்தையின் முதற் கவளத்தை யார் ஊட்டினர், எதை ஊட்டினர், எந்த அச்சத்தால் ஊட்டாது விட்டனர் என்பவற்றுள் ஓர் இனத்தின் வாழ்வும் தாழ்வும் அடங்கிக் கிடக்கின்றன.

தமிழ் மொழி இவ்விடத்தில் நமக்கு ஒரு பேருதவி செய்கிறது. தொண்டையில் உணவு தடைப்படுதல் பற்றி நம்மிடம் ஒரு சொல் அன்று, மூன்று சொற்கள் உள. ஓங்கரித்தல் ஒன்று, புரையேறுதல் மற்றொன்று, மூச்சடைத்தல் பிறிதொன்று. இம்மூன்றும் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள். நாவின்மேல் பட்ட பொருளை விழுங்கத் தகாதது என்று உடல் கருதி, தானே அதை முன்னே தள்ளுவது ஓங்கரிப்பு. விழுங்கிய துளி வழி தவறிக் காற்றுக்குழல் பக்கம் செல்லும்போது இருமி வெளியேற்றுவது புரையேற்றம். காற்றுக்குழலையே பொருள் அடைத்துக்கொள்வது மூச்சடைப்பு. முதல் இரண்டிலும் ஓசை உண்டு. குழந்தை முகம் சிவக்கும், இருமும், அழும். மூன்றாவதில் பெரும்பாலும் ஓசை இராது. அழவும் இயலாது, இருமவும் இயலாது, இதழ் நீலம் பாயும். ஓசை மிகுந்ததைக் கண்டு நடுங்குவதும் ஓசையற்றதைக் காணாது விடுவதும் மனித இயல்பாக அமைந்துவிட்டன.

ஓங்கரிப்பு நோயன்று, காவல். வளர்ந்தவருக்கு இக்காவல் நாவின் அடிப்பகுதியில், தொண்டைக்கு அருகே நிற்கிறது. ஆறு திங்கள் குழந்தைக்கோ அது நாவின் முற்பகுதியை ஒட்டியே நிற்கிறது. எனவே சற்றுக் கெட்டியான பொருள் வாய்க்குள் சிறிது தூரம் சென்றதுமே குழந்தை ஓங்கரித்துவிடுகிறது. மெல்லப் பழகப் பழக இக்காவல் பின்னோக்கி நகர்ந்து செல்லும். ஒன்பது, பத்துத் திங்களில் அதே குழந்தை அதே சோற்றை ஓங்கரிக்காது உண்ணும். இதனை அறியாமையால் விளைந்தவையே பின்னர்க் கூறப்படும் வரலாற்றின் பெரும்பகுதி.

பழந்தமிழர் இதனை எங்ஙனம் நோக்கினர்? நேரடியான சான்று இல்லை. ஆனால் இரு புலவர்கள் இதற்கு மிக அருகே வந்துள்ளனர். புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. பலரோடு கூடி உண்ணும் செல்வமெல்லாம் பெற்றவன் ஆயினும், பிள்ளை இல்லாதவன் வாழ்நாளைப் பயனற்றதாகவே அவன் காண்கிறான். அப்பிள்ளை என்ன செய்கிறது? கலத்திலிருந்த உணவை எடுக்கிறது, கீழே இடுகிறது, கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, நெய்ச் சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. ஓர் அரசன் தன் பாடலில் ஒரு குழந்தை உண்ணும் முறையை இத்துணை நுணுக்கமாகக் கண்டு கூறியிருப்பது வியப்புக்குரியது. வள்ளுவரும் மக்கட்பேற்றைக் கூறுமிடத்தில், தம் குழந்தைகளின் சிறிய கை கலக்கிய கூழ் அமிழ்தத்தினும் இனிது என்றே கூறுகிறார். இருவரும் ஊட்டும் கையைப் பாடவில்லை. உண்ணும் கையைப் பாடினர். பள்ளிகளில் இவ்விரு பாடல்களையும் தந்தை தாயரின் மகிழ்ச்சி என்ற அளவிலேயே விளக்கி முடித்துவிடுகிறோம். குழந்தை உணவைத் தொட்டும் பிசைந்தும் சிந்தியும் அறிகிறது என்னும் உண்மை அவற்றுள் பதிந்திருப்பதை மாணவர்க்குச் சுட்டுவார் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அறிவுடைநம்பி காட்டுவது தளர்நடை பயிலும் பிள்ளை. ஆறு திங்கள் கைக்குழந்தை அன்று. ஆதலின், நம் முன்னோர் இக்காலத்து மருத்துவ முறையை அன்றே கண்டனர் என்று மார்தட்டுவது பொருந்தாது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் சோறூட்டும் பருவம் என்று தனியே ஒன்று இல்லை. ஆனால் குழந்தையின் கையும் கழுத்தும் எப்போது வலுப்பெறுகின்றன என்பதைப் புலவர்கள் திங்கள் கணக்கில் கண்டுவைத்தனர். தலை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரை ஐந்தாம் திங்களுக்குரியது. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி ஒன்பதாம் திங்களுக்குரியது. கழுத்து நின்று, உடல் நிமிர்ந்து அமர்ந்து, கை தன் வாயை அடையும் ஆற்றல் பெறுவதே கெட்டி உணவு தொடங்கத் தக்க காலம் என்று இன்றைய மருத்துவர் கூறுவதும் ஏறத்தாழ இவ்விரு பருவங்களுக்கு இடைப்பட்ட காலத்தையே.

அன்னம் ஊட்டும் சடங்கு ஆறாம் திங்களில் நடப்பது இந்தியப் பெருநிலமெங்கும் பழைய வழக்கம். வடமொழியில் மனுநூலும் அத்திங்களையே குறிக்கிறது. உலகச் சுகாதாரப் பேரவை பல ஆண்டு வாதத்திற்குப் பின்னர் 2001இல்தான் ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு பிற உணவு என்று வரையறுத்தது. பழமை முழுவதும் பொன் என்பதற்கன்று இது கூறப்பட்டது. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தடவும் சேனை வழக்கமும் பழமையே. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் நஞ்சாகவும் கூடும். தேனில் சில வேளை தங்கியிருக்கும் நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் 1976இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது.

இனி இவ்வரலாறு கடல் கடக்கிறது. கெலுகோர் என்பது மீன் குழம்புக்குப் புளிப்பூட்டும் ஒரு மரத்தின் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடம் டேவிட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டமாக இருந்தது. ஆசிரியர்களுக்கோ, கெலுகோர் என்றதும் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நினைவுக்கு வரும். 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் அக்கல்லூரியில்தான் தொடங்கிப் பின்னர் அருகிலிருந்த மிண்டன் படைமுகாமுக்கு மாறியது. கெலுகோருக்குத் தெற்கே கரையோரமாகக் கிடப்பது ஜெரஜாக் தீவு. தமிழகத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள் நோய்த்தடுப்பின் பொருட்டு அங்கே தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் இருந்தனர். அத்தீவில் கழிந்த நாள்களில் அக்குழந்தைகள் எதை உண்டன என்று எழுதிவைத்தவர் எவருமிலர்.

தீவைக் கடந்து தோட்டத்தை அடைந்த தாயின் நாள் விடியுமுன் தொடங்கியது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பின் பால்மரக் காட்டுக்குச் செல்ல வேண்டும். பால் சேர்த்து நிறுத்துக் கொடுத்துத் திரும்புகையில் உச்சி சாய்ந்திருக்கும். பெயரில்தான் எத்துணை நகைமுரண்! மரத்தின் பால் குறித்த வேளையில் எடுக்கப்பட்டது. மார்பின் பால் கட்டிக்கொண்டு நின்றது. குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடந்தது. வயதான ஒரு பெண்ணே பல குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். வயிறு நிரம்ப வேண்டும், விரைவாகவும் நிரம்ப வேண்டும் என்ற நிலையில், எளிதில் இறங்கும் நீருணவே அங்கு வென்றது. கஞ்சித் தண்ணீர், சர்க்கரை கலந்த பால், நீர்த்த கூழ். ஓங்கரிக்கும் குழந்தைக்கு வேண்டியது அருகில் அமர்ந்திருக்கும் ஒருவர். ஆயாவிடம் அன்பு இல்லாமலில்லை, நேரம்தான் இல்லை.

இவ்வேளையில்தான் டின்பால் வந்தது. இனிப்பூட்டிக் கெட்டியாக்கிய அப்பாலில் நூற்றுக்கு 40 பங்குக்கும் மேல் சர்க்கரை. வெப்ப நாட்டில் கெடாதது. கடையில் கடனுக்கும் கிடைத்தது. டப்பாவின் மேல் கொழுத்த குழந்தையின் படம் வேறு. நீர் மிகச் சேர்த்துக் கரைத்தால் ஒரு டப்பா பல நாள் வரும். அதனை உண்ட குழந்தை தொடக்கத்தில் தளதளவென்றிருக்கும். பின்னர் வயிற்றுப்போக்கால் துவளும். ஆடை நீக்கிய பாலில் செய்ததாயின் வைட்டமின் ஏ குறைவால் கண்ணும் கெடும்.

இதனைக் கண்டு கொதித்தவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி. 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபோது, வீக்கம் கண்டு தோல் உரியும் குழந்தைகளின் நோயை 1933இல் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அந்நோய்க்கு அங்குள்ள மக்கள் வழங்கிய பெயர் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நீங்கிய இடத்தில் சத்தற்ற மாக்கஞ்சி மட்டுமே வந்ததன் விளைவு அது. மலாயாவுக்கு 1936இல் மாற்றப்பட்ட இவர், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரைக்கு இட்ட தலைப்பு 'பாலும் கொலையும்'. குழந்தை உணவு பற்றிய தவறான விளம்பரத்தால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்று அவையோர் முன் அவர் அஞ்சாது கூறினார். ஈராண்டில் போர் மூண்டது. திரெங்கானுவில் பணியாற்றிவந்த அவர் சிங்கப்பூருக்குத் தப்பிவந்து ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். வெளியே, அரிசி அரிதாகிவிட்ட நாட்டில், மரவள்ளிக்கிழங்கு பெரியோருக்கும் சிறியோருக்கும் உணவாயிற்று. ஆப்பிரிக்காவில் அவர் கண்ட மாக்கஞ்சியின் கதையே இங்கும் ஒருவாறு நடந்தது எனலாம்.

மேலைநாடுகளில் இவ்வரலாறு வேறு வழியில் சென்றது. 1928இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கெர்பர் குடும்பத்தார் மசித்து வடிகட்டிய காய்கறியை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினர். கட்டியற்ற, நாரற்ற அவ்வுணவை ஓங்கரிக்காமலே விழுங்கலாம். அதனால் கெட்டி உணவு தொடங்கும் வயது கீழே கீழே இறங்கியது. 1953இல் சாக்கெட் என்னும் அமெரிக்க மருத்துவர் பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே தானியக் கூழ் ஊட்டலாம் என்று எழுதும் அளவுக்கு அது சென்றது! பிரிட்டனில் 1974இல் அரசு அறிக்கை ஒன்று நான்கு திங்களுக்கு முன் கெட்டி உணவு கூடாது என்று தடை சொல்ல வேண்டியதாயிற்று. அங்கே முந்தியது, இங்கே பிந்தியது. எனினும் பிழை ஒன்றே. குழந்தையின் வாயும் கையும் என்ன சொல்கின்றன என்று எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. அதே காலத்தில் கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர், பால் மட்டும் உண்டு வந்த குழந்தைகள் சிலவற்றின் முன் பலவகை உணவுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தார். செவிலியர் அருகில் அமர்ந்திருப்பர்; ஆனால் ஊட்டவோ தூண்டவோ மாட்டார்கள். குழந்தை கை நீட்டிச் சுட்டிய கிண்ணத்திலிருந்து மட்டும் ஒரு கரண்டி தருவர். கையாலும் அள்ளி உண்ண விடுவர். 1939இல் அவர் வெளியிட்ட முடிவின்படி பதினைந்து குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தன. கணைச் சூட்டால் எலும்பு மெலிந்திருந்த ஒரு குழந்தை, நோய் தீரும் வரை மீனெண்ணெயைத் தானே விரும்பிப் பருகி, தீர்ந்ததும் விட்டுவிட்டது. சர்க்கரைப் பண்டமோ டப்பா உணவோ அக்கிண்ணங்களில் இல்லை என்பதை மறக்கலாகாது. நல்லவற்றை மட்டுமே பரப்பி வைத்த பின்னரே அக்குழந்தைகளுக்கு உரிமை வழங்கப்பட்டது.

ஓங்கரிப்புக்கு அஞ்சிக் கெட்டி உணவைத் தள்ளிப்போடுவதால் வரும் கேட்டை எடுத்துரைத்தவர் ஷெபீல்டு நகரக் குழந்தை மருத்துவர் ரொனால்ட் இல்லிங்வொர்த். மெல்லக் கற்பதற்கென்று குழந்தைக்கு ஒரு பருவம் உண்டு. அதைத் தவறவிட்டால் பின்னர்க் கற்பித்தல் கடினம் என்று 1964இல் லிஸ்டர் என்பவரோடு சேர்ந்து எழுதினார். பத்துத் திங்கள் வரை கட்டியான உணவைக் காணாத குழந்தைகள் பின்னாளில் உணவில் பிடிவாதம் காட்டுதல் மிகுதி என்று பிரிட்டனில் பிரிஸ்டல் வட்டாரத்தில் செய்த ஆய்வும் பின்னர்க் கண்டது. அஞ்சி நிறுத்தினால் ஓங்கரிப்பு நிற்பதில்லை. பழகும் நாள் தள்ளிப் போகிறது, அவ்வளவே.

இவ்வரலாற்றில் பினாங்கு பெற்ற இடம் பெரிது. தமிழ் நூல்களில் அது போதிய அளவு பேசப்படவில்லை. நுகர்வோர் சங்கங்களின் அனைத்துலக அமைப்பு தன் ஆசிய, பசிபிக் வட்டார அலுவலகத்தைப் பினாங்கில் நடத்திவந்தது. அதன் முன்னோடியான அன்வார் ஃபசால் உள்ளிட்டோரின் முயற்சியால் 1979இல் குழந்தை உணவுச் செயற்கூட்டமைப்பு தோன்றியது. 1981ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் தாய்ப்பால் மாற்றுணவு விற்பனை பற்றிய அனைத்துலக நெறிமுறை நிறைவேறியது. நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஒலித்த 'பாலும் கொலையும்' உரையை 1986இல் சிறு நூலாக வெளியிட்டதும் இதே பினாங்கு அலுவலகமே. 1991இல் உலகத் தாய்ப்பால் செயற்கூட்டணியும் தோன்றிப் பினாங்கில் தலைமையகம் கொண்டது. அடுத்த ஆண்டு முதல் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாயிற்று. டின்பாலை இறக்கிய துறைமுகமே அதற்கெதிரான குரலையும் ஏற்றுமதி செய்தது.

கூழைக் கரண்டியால் ஊட்டாமல், மென்மையாக வெந்த துண்டுகளைக் குழந்தையின் கையிலேயே தரும் முறை 2008இல் கில் ராப்ளி என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய நூலால் பரவியது. கையில் துண்டு கொடுத்தால் மூச்சடைக்காதா என்ற கேள்வி உடன் எழுந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 206 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. தக்க உணவைத் தேர்ந்தெடுக்கும்படி தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்து நடத்திய ஆய்வு அது. தாமே எடுத்து உண்ட குழந்தைகள் ஆறாம் திங்களில் மிகுதியாக ஓங்கரித்தன. எட்டாம் திங்களிலோ மற்றவற்றைவிடக் குறைவாகவே ஓங்கரித்தன. மூச்சடைப்பில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. எனினும் மூச்சடைக்கத்தக்க உணவுகளை இரு சாராருமே குழந்தைகளுக்குக் கொடுத்திருந்தனர் என்பதையும் அவ்வாய்வு கண்டு கவலை தெரிவித்தது.

ஆகவே எதைத் தருவது என்பதில்தான் கருத்து ஊன்ற வேண்டும். இரு விரலிடையே அழுத்தினால் நசுங்க வேண்டும், இதுவே அளவுகோல். வெந்த பூசணி, சர்க்கரைவள்ளி, கனிந்த வாழைப்பழம், மெத்தென்ற இட்டலி ஆகியவற்றைக் குழந்தையின் கைப்பிடிக்கு வெளியே நீளும்படி விரல் அளவு நறுக்கித் தரலாம். குழைந்த சோறும் பருப்பும் பிசைந்து தருவதையும் விட வேண்டியதில்லை; இரண்டும் ஒரே தட்டில் இருக்கலாம். வேர்க்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய், பச்சைக் கேரட் ஆகியவை அறவே ஆகா. குழந்தை நிமிர்ந்து அமர்ந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகிருக்க வேண்டும். ஓங்கரிக்கும்போது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுதல் பெருந்தவறு. முன்னே வந்துகொண்டிருக்கும் பொருளை அது உள்ளே தள்ளிவிடும். ஒவ்வொரு வேளையும் ஓங்கரித்து வாந்தியெடுத்து எடையும் குறையும் குழந்தையை மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.

புரையேறினால் எங்கோ ஒருவர் நம்மை நினைக்கிறார் என்பது நம்மவர் நம்பிக்கை. உச்சந்தலையில் தட்டுவதும் அதனோடு வந்த வழக்கமே. இருமும் குழந்தைக்கு அதனால் தீங்குமில்லை, நன்மையுமில்லை. இருமலே தன் வேலையைச் செய்துவிடும். ஓசையின்றி மூச்சடைத்த குழந்தைக்கோ தலையில் தட்டிக்கொண்டிருக்கும் நொடிகள் உயிர் பறிப்பவை. ஓராண்டு நிறையாத குழந்தையாயின் முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். விலகாவிடின் மல்லாத்தி மார்பெலும்பின்மேல் ஐந்து முறை அழுத்த வேண்டும். உதவி வரும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். மயங்கி விழுந்தோரை உயிர்ப்பிக்கும் முறையைப் பயிற்றுவிக்கும் முதலுதவி வகுப்புகள் இதனையும் கற்பிக்கின்றன. பாட்டிமார் அவ்வகுப்புகளுக்கு அழைக்கப்படுவது அரிதாகவே உள்ளது. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பல வீடுகளில் அவர்தாம்.

தொடக்கத்தில் கண்ட குழந்தையிடம் திரும்பலாம். சோற்றை நிறுத்தாமல், நாளுக்கு ஒரு முறையேனும் அதன் முன் தட்டை வைத்துவந்த வீடாயின், சில வாரங்களில் ஓங்கரிப்பு அரிதாகிவிடும். சோறு பாதி தரையிலும் பாதி மார்பிலும் கிடக்கும். சப்பாணி கொட்டும் ஒன்பதாம் திங்களில், தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் ஒரே ஒரு சோற்றுப் பருக்கையைக் குழந்தை கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி எடுக்கும். எடுத்ததை உற்றுப் பார்த்து, வாயில் இட்டு, மெல்லும்.